காது கேட்காதவருக்கு ஒரு அலாரம்

மார்ச் 4

தம்பிக்கு,

சௌக்கியமான்னு கேட்டுத்தான் கடுதாசி ஆரம்பிக்கணும். நான் கேக்கலை. நீ சௌக்கியமா இருக்கணும்னு இந்த நிமிஷம் எனக்கு ஆசையும் இல்லை. நீ போன் பண்றப்பெல்லாம் நான் வீட்லதான் இருக்கேன். மணி அடிச்சு அடிச்சு ஓயட்டும்னு பக்கத்துலயே உக்காந்திருக்கேன். எடுத்தா வாய்க்கு வந்தபடி பேசிடுவேன். எழுதினா நீ நடுவுல குறுக்கே பேச முடியாது, அதான் எழுதுறேன்.

விமானம் வெடிச்சப்போ எனக்குப் புருஷன் போனார். போன வாரம் அவர் பேரும் போயிடுச்சு.

இங்கத்து இன்ஸ்பெக்டர் ஆளுங்களோட வந்து கடையைத் திறக்கச் சொன்னார். உன் மாமா கடிகாரம் ரிப்பேர் பண்ற மேசை, கண்ல மாட்டிக்கிற லென்ஸு, முள்ளு போட்டு வைக்கிற டப்பா, ஒண்ணு விடாம பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. மறுநாள் பேப்பர்ல கொட்டை எழுத்துல 'கடிகாரக்காரன் வைத்த குண்டா?'ன்னு வந்துது. பக்கத்துல அவர் போட்டோ. பாப்பா பிறந்தநாளுக்கு எடுத்த படம். அவளை வெட்டிட்டு அவர் மூஞ்சியை மட்டும் போட்டிருக்கான் அந்தப் புண்ணியவான்.

நான் வேலை பாக்கிறது பல் ஆஸ்பத்திரியில. வாயைத் திறக்கிறதுக்குன்னே ஜனங்க வர்ற இடம். டோக்கன் கொடுக்கிற என்னைப் பாத்ததும் எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க. டாக்டரம்மா ரொம்ப நல்லவங்க மாதிரி, "கொஞ்ச நாள் உள்ள மருந்து ரூம்ல இருந்துக்கம்மா"ன்னு சொல்லிட்டாங்க.

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். நேத்து நினைவுக் கல் கமிட்டியிலேர்ந்து ஒரு கடிதம். அந்த விமானத்துல செத்தவங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டி வைக்கிறாங்களே, அதுல உன் மாமா பேரை 'விசாரணை முடியும்வரை சேர்க்க இயலாத நிலை'யாம். அவரும் அந்த விமானத்துலதான் செத்தார்னு யாராவது அவங்களுக்கு ஞாபகப்படுத்தணும்.

இன்ஸ்பெக்டர்கிட்ட நேராவே கேட்டேன். "என் புருஷன் மேல எப்படி சார் சந்தேகம் வந்துச்சு?" அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அங்க விசாரணைக் குழுவுல இருக்கிற உங்க தம்பிதாம்மா அடையாளம் காட்டினார்"னு சொன்னார்.

அப்பா போனப்புறம் உன்னைப் படிக்க வச்சவர்டா அவர். உனக்கு முதல் வாட்ச் கட்டிவிட்டவர். அவர் தலையில கல்லைத் தூக்கிப் போட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அந்தக் கல்லுல அவர் பேர் இருக்கணும். நீ எடுத்ததை நீயே கொண்டுவந்து வை.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

இன்ஸ்பெக்டர் சொன்னது நிஜம்தான். நான்தான் சொன்னேன். போன்ல சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீ எடுத்திருந்தாலும் தைரியம் வந்திருக்குமான்னு தெரியலை.

நடந்ததைச் சொல்றேன், அப்புறம் எவ்வளவு வேணா திட்டு. இங்க ஒரு பெரிய விமானக் கொட்டகை. பொறுக்கிட்டு வந்த துண்டுகளைத் தரையில விமானம் மாதிரியே கோடு போட்டு அடுக்கியிருக்காங்க. ஒரு மேசை நிறையப் பெட்டியோட கைப்பிடிங்க மட்டும் கிடக்கு. பெட்டி இல்லை, பிடி மட்டும். மூணு நாட்டுப் போலீஸ் இதுக்குள்ள சுத்துறோம். கூட்டு விசாரணைன்னு பேரு. ஒருத்தன் டீ குடிச்சா இன்னொருத்தன் என்ன டீன்னு குறிச்சு வச்சுக்கிறான். அவ்வளவு ஒத்துமை.

ஒரு நாள் ஒரு தட்டுல நகம் அளவுக்கு ஒரு தகடு வந்துச்சு. ஏதோ மேசைக் கடிகாரத்தோட பின்மூடி. குண்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்ததுன்னு பரிசோதனைக்காரங்க சொல்லிட்டாங்க. உள்பக்கம் ஊசியால கீறின சின்ன வட்டம், நடுவுல ஒரு புள்ளி. எல்லா நாட்டு நிபுணரும் அதைச் சுத்தி நின்னுக்கிட்டு, இது எந்தக் கும்பலோட சின்னம்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. அது மாமாவோட வட்டம். ரிப்பேர் பண்ற ஒவ்வொரு கடிகாரத்துலயும் மூடிக்குள்ள அதைக் கீறுவார். திரும்ப வந்தா நம்ம கைவேலையான்னு தெரியணும்பார். கடிகாரக்காரங்க எல்லாருமே அப்படி ஒரு அடையாளம் போடுறதுதான். இந்த வட்டம் அவரோடது. "என்ன மாமா, பெரிய சக்கரவர்த்தி முத்திரை"ன்னு நானே கிண்டல் பண்ணியிருக்கேன்.

சொல்லாம இருந்திருக்கலாம்ங்கிறியா? அந்தக் கைப்பிடிங்க கிடக்கிற மேசைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணுமா? நான் போலீஸ்காரன்க்கா. தெரிஞ்சதைச் சொன்னேன். மாமா குத்தம் பண்ணினார்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. இது அவர் ரிப்பேர் பண்ணின கடிகாரம்னுதான் சொன்னேன். அதைப் பேப்பருக்குக் கடத்தினது வேற எவனோ. யாருன்னு தெரிஞ்சா அவன் சட்டையைப் பிடிப்பேன்.

அன்னைக்கே என்னை விசாரணையிலேர்ந்து தள்ளி வச்சுட்டாங்க. சொந்தக்காரனாச்சே. இப்போ மூலையில ஒரு மேசை, காகிதம் மொழிபெயர்க்கிற வேலை.

ஒரு விஷயம் கேக்கணும். கேட்டா நீ கொதிப்பே. அந்தக் கடிகாரத்துல மணி அடிக்கிற பாகம் இல்லை. அலாரம் நேரம் வந்தா மணிக்குப் பதிலா கரண்ட் போற மாதிரி மாத்தியிருக்கு. வேலை ரொம்பச் சுத்தமா இருக்குன்னு சொல்றாங்க. அப்படி ஏதாவது பண்ணிக் கொடுத்ததா மாமா உன்கிட்ட எப்பவாவது சொன்னாரா?

தம்பி


மார்ச் 22

தம்பி,

வேலை சுத்தமா இருக்குன்னு சர்ட்டிபிகேட் கொடுக்கிறாங்களாக்கும். போய்ச் சொல்லு அங்க விசாரணைக்குத் தலைவரா இருக்கிற உங்க பெரியவர்கிட்ட, குண்டு செய்யறவன் எவனாவது அதுல தன் அடையாளத்தைக் கீறி வைப்பானான்னு. இத்தனை நாட்டுப் போலீஸ் ஒண்ணு கூடியும் இதைக் கேக்க ஒருத்தனுக்குப் புத்தி இல்லையா?

சொன்னார். சாப்பிடறப்போ ஒரு வாரம் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தார். கடைக்கு ஒருத்தன் வந்தானாம். காது சுத்தமாக் கேக்காதாம், பேச்சும் வராதாம். பேசறவங்க வாயைப் பாத்துப் புரிஞ்சுப்பானாம், பதிலை எழுதிக் காட்டுவானாம். அலாரம் வேணுமாம், ஆனா மணி வேண்டாமாம். மணிக்குப் பதிலா ஒரு விளக்கு எரியணும், அந்த வெளிச்சத்துல முழிச்சுப்பேன்னு எழுதினானாம். "காது கேக்காதவனுக்கு அலாரம் செஞ்சு கொடுத்த ஒரே ஆளு நான்தாண்டி"ன்னு என்கிட்ட அப்படி ஒரு பெருமை. முடிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்து எங்க ரெண்டு பேர் முன்னாலயும் வச்சார். நேரம் வந்ததும் பல்பு பட்டுன்னு எரிஞ்சுது. பாப்பா கை தட்டினா. அவரும் கூடச் சேர்ந்து கை தட்டினார். காசுகூட வேண்டாம்னுட்டார்.

அப்புறம் அவர் உதிரி சாமான் வாங்க வெளிநாடு கிளம்பினார்ல, அதுக்கு முதல் நாள் சாயங்காலம் அந்த ஆள் வீட்டுக்கே வந்தான். தன் அண்ணனுக்கும் காது கேக்காது, நீங்க போற ஊர்லதான் இருக்கான், இந்தக் கடிகார விளக்கை அவன்கிட்டச் சேர்த்துடுங்கன்னு எழுதிக் காட்டினான். நல்லா ஒட்டிக் கட்டின அட்டைப் பெட்டி. வெளிநாடு போறவங்க பெட்டியில யாரோட சாமானாவது இல்லாம என்னைக்குப் போயிருக்கு? அண்ணன் விமான நிலையத்துக்கே வந்து வாங்கிப்பான்னும் எழுதினான். இவர் உடனே தன் சட்டை ரெண்டை எடுத்து வெளியே வச்சுட்டு அதுக்கு இடம் பண்ணினார்.

நான் டீ போட்டுக் கொடுத்தேன். கொலைகாரப் பாவிக்கு நான் சர்க்கரை போதுமான்னு ஜாடையில வேற கேட்டேன். குடிச்சுட்டு டம்ளரைக் கழுவப் போனான். அவ்வளவு பதவிசு. "அட, வச்சுடுங்க, நான் பாத்துக்கிறேன்"னு பின்னாலேர்ந்து சொன்னேன். வச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே கிளம்பினான்.

இதுதான் நடந்தது. இதைச் சொன்னா உன் ஆளுங்க என்ன எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? செஞ்சவரும் இவர், கொண்டு போனவரும் இவர்னு எழுதி மூடிடுவாங்க. என் வாயாலயே அவருக்குக் குழி வெட்டிக்க என்னைக் கேக்கிறே. நல்ல தம்பிடா நீ.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

நீ எழுதினதை நீயே ஒரு தடவை படிச்சுப் பாரு. டம்ளரை வச்சுடுங்கன்னு அவன் முதுகுக்குப் பின்னால நின்னு சொன்னே. அவன் வச்சுட்டான்.

உன் வாயை அவன் பாக்கலை. அவனுக்குக் காது நல்லாவே கேக்கும்க்கா. மாமா காதுல பூ சுத்திட்டான்.

படிச்ச உடனே கொட்டகைக்குள்ள ஓடினேன். எனக்கு அனுமதி இல்லை, தடுத்தாங்க, தள்ளிக்கிட்டுப் போனேன். பெரியவர் அமைதியா முழுசையும் கேட்டார். கேட்டுட்டு, "உங்க அக்கா அந்த ஆளோட முகத்தைச் சொல்லுவாங்களா?"ன்னார். இந்த வாரம் ஒருத்தர் உன்கிட்ட வருவார். நீ சொல்லச் சொல்ல வரைவார். மூக்கு, காது, பல்லு, எல்லாம் சொல்லு. பல்லு உனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்.

ஆனா இன்னொண்ணும் சொல்லியிருக்காங்க. இதை வெளியில விடக்கூடாதாம். பேப்பர் தொடர்ந்து மாமாவையே திட்டட்டும், அப்போதான் அந்த ஆள் மாட்டிக்கலைன்னு நினைச்சுத் தைரியமா நடமாடுவான்னு சொல்றாங்க. மாமா நிரபராதின்னு ஒரு வரி வந்தாலும் பறந்துடுவானாம்.

அதனால நீ பேசாம இருக்கணும். பாப்பாகிட்டகூடச் சொல்லாதே. இதை எழுத எனக்கு எவ்வளவு கூசுதுன்னு உனக்குத் தெரியாது.

தம்பி


ஏப்ரல் 10

தம்பி,

படம் வரையறவர் வந்தார். அந்த ஆளோட கீழ்வரிசையில ஒரு பல்லு உள்பக்கம் தள்ளி இருக்கும்ங்கிற வரைக்கும் சொல்லிட்டேன். என் வேலை முடிஞ்சுது. இனி உன் பெரியவருக்கு நான் சொல்றதைக் கேட்டுக்கோ.

பேசாம இருக்கணுமா? எத்தனை நாளைக்கு? கடை ஷட்டர்ல கறுப்புப் பெயிண்ட் ஊத்தியிருக்காங்க. வீட்டுக்காரர் அடுத்த மாசத்துக்குள்ள வேற வீடு பாத்துக்கங்கன்னுட்டார். பாப்பா பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணை அவங்க அம்மா வந்து வேற பெஞ்சுக்கு மாத்திட்டாங்க. பாப்பா அழலை. வீட்டுக்கு வந்து, "அப்பா நிஜமாவே பண்ணினாராம்மா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, "சாப்பிடு, அப்புறம் பேசலாம்"னேன். அவ என்னைப் பாத்த பார்வையை உன் பெரியவரால தாங்க முடியுமா?

இத்தனை நாளும் அவங்களுக்கு உண்மை தெரியாததால அவர் பேர் கெட்டுச்சு. இப்போ உண்மை தெரிஞ்சே கெடுக்கிறாங்க. தூண்டில்ல மாட்டுற புழுவா என் புருஷன்? புழு செத்ததுதானே, வலிக்காதுன்னு நினைப்பா? செத்தவரைக் கட்டின நான் உயிரோடதான் இருக்கேன்.

உன் பெரியவரைப் பெத்த அம்மாவை நாலு பேப்பர்ல நாலு விதமா எழுதட்டும், அப்போ அந்த ஆள் பேசாம இருக்காரான்னு பாக்கலாம். அந்தம்மா எப்படிப்பட்ட பிள்ளையைப் பெத்து வச்சிருக்காங்கன்னு அவங்களுக்கே தெரிய வேண்டாமா? பெத்த நேரத்துல நாலு பாத்திரம் கழுவியிருக்கலாம்.

இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் பேப்பர் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்து எல்லாத்தையும் சொல்லுவேன். அவன் பறந்தா பறக்கட்டும். பிடிக்கிறது உங்க வேலை. என் பொண்ணுக்கு அவ அப்பாவைத் திருப்பிக் கொடுக்கிறது என் வேலை.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

பிடிச்சாச்சு. நாளைக்குப் பேப்பர்ல வரும். அதுக்கு முன்னால உனக்குத் தெரியணும்னு தந்தி கொடுத்தேன், இந்நேரம் கிடைச்சிருக்கும். தந்தியில எழுத முடியாததை இதுல எழுதுறேன்.

நீ சொல்லி வரைஞ்ச படத்தை வச்சு ரொம்ப சீக்கிரமே ஆளைக் கண்டுபிடிச்சுட்டாங்க. எந்த நாட்டுல, எந்தத் தெருவுல, எந்த மாடியில இருக்கான்னு தெரியும். தெரிஞ்சும் யாரும் போகலை. ஏன்னு கேளு. அவன் எங்க மண்ணுல இருக்கான், நாங்கதான் விசாரிப்போம்னு ஒரு நாடு. விமானம் எங்களோடது, எங்ககிட்டக் கொடுன்னு இன்னொண்ணு. குண்டு ஏறினது எங்க விமான நிலையத்துலன்னு நம்ம ஆளுங்க. கைது பண்ணினா யாரு முதல்ல அறிவிக்கிறதுங்கிறதுக்கு ஒரு தனிக் கூட்டம். பிஸ்கட் வச்சுப் பேசுறாங்க. கைப்பிடிங்க கிடக்கிற மேசைக்கு அடுத்த ரூம்ல.

எனக்கு அன்னைக்கு என்னமோ ஆயிடுச்சு. உள்ள போய், "மொழிபெயர்க்க வேண்டிய காகிதம் ஒண்ணு வந்திருக்கு"ன்னு சொல்லி உன் லெட்டரை எடுத்துப் படிச்சேன். ஒரு வார்த்தை விடலை. புழுவும் வந்துது, பெரியவரோட அம்மாவும் வந்தாங்க, பாத்திரமும் வந்துது. பாத்திரத்துக்கு அவங்க மொழியில சரியான வார்த்தை தேடக் கொஞ்சம் நேரமாச்சு, ஆனாலும் விடலை. மாசக் கடைசிங்கிறதை ரெண்டு தடவை படிச்சேன். "எங்கக்கா சொன்னா செய்வா"ன்னு சொந்தமா ஒரு வரி சேர்த்துக்கிட்டேன்.

பெரியவர் முகம் செவந்துபோச்சு. என் அடையாள அட்டையைக் கழட்டி வாங்கிட்டாங்க. கொட்டகைப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க. ஆனா நீ பேப்பருக்குப் போயிட்டா மூணு நாட்டு மானமும் ஒண்ணாப் போகும்ல. அந்தப் பயத்துலதான் ஒத்துமை வந்துது. மறுநாளே மூணு பேரும் சேர்ந்து கதவைத் தட்டினாங்க. உள்ள ரேடியோ பாடிக்கிட்டு இருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரங்க பலதடவை சத்தத்தைக் குறைக்கச் சொன்னவங்களாம், அவ்வளவு சத்தமா வைப்பானாம்.

எந்தக் கூட்டம், எதுக்காகப் பண்ணினாங்கன்னெல்லாம் பேப்பர்ல பக்கம் பக்கமா வரும். அதை நான் எழுதலை.

அறிக்கையில மாமாவை 'அறியாமல் எடுத்துச் சென்றவர்'னு போடுறாங்க. கமிட்டிக்கும் அனுப்பிட்டாங்க. பேர் கல்லுல வரும். ஆனா கடிகாரத்தை மாத்தி அமைச்சது அவர்தான்னும் அதே அறிக்கையில இருக்கும். அதை எடுக்கச் சொல்லி நான் கேக்கலை. அது பொய் இல்லையே. இதுக்கும் என்னைத் திட்டணும்னா திட்டிக்கோ. அவர் வட்டத்தைக் காட்டினதுக்காக நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்க்கா. காட்டாம இருந்திருந்தா அந்த ஆள் இன்னைக்கும் ரேடியோ கேட்டுக்கிட்டுத்தான் இருப்பான். ஆனா அந்தத் தகட்டைப் பாத்த நாள்லேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. அது உனக்குத் தெரியணும்.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

தந்தி வந்த அன்னைக்கே பாப்பாவை உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். விளக்கு எரிஞ்சப்போ அவ கை தட்டினது வரைக்கும். ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் உன் லெட்டர் வந்ததும், "நீ அந்தப் பெரியவரோட அம்மாவைப் பத்தி எழுதினதையும் மாமா படிச்சாராமா?"ன்னு கேட்டுச் சிரிச்சா. உன் மருமகளுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

உன் மேல கோவம் போகலை. நீ பண்ணினது சரின்னு மண்டைக்குத் தெரியுது, வயிறு ஒத்துக்க மாட்டேங்குது. அது பாட்டுக்கு இருக்கட்டும், உன்கிட்டக் கோவிச்சுக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?

நேத்துக் கல்லைத் திறந்தாங்க. எல்லார் பேரும் அகர வரிசையில இருக்கு. உன் மாமா பேர் மட்டும் வரிசையில இல்லாம அடியில தனியா இருக்கு, பின்னால வெட்டினதால. வரிசையில இல்லையேன்னு கமிட்டி செயலாளரைப் பிடிச்சு ஒரு சண்டை போட்டேன். கல்லுல நடுவுல எப்படிம்மா நுழைக்கிறதுன்னு அவர் கேட்டார். அவர் சொல்றதும் நியாயம்தான். அதுக்காக விட முடியுமா, இன்னும் கொஞ்சம் போட்டேன்.

அப்போ ஒரு அம்மா கிட்ட வந்தாங்க. பொண்ணையும் மாப்பிள்ளையையும் பறிகொடுத்தவங்க. கூட்டமே ஒதுங்கி வழி விட்டுச்சு. "அந்தக் கடிகாரத்தைச் செஞ்சவர் உங்க வீட்டுக்காரரா?"ன்னு கேட்டாங்க.

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். அவரை ஏமாத்திட்டாங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது, அறிக்கையைப் படிச்சுப் பாருங்க. அதையெல்லாம் விட்டுட்டு "ஆமா"ன்னேன்.

"யாரோ கொடுத்த பெட்டியை ஒரு தடவை திறந்து பாக்கக் கூடாதா?"ன்னு கத்தினாங்க. "ஒரே ஒரு தடவை. திறந்து பாத்திருந்தா என் பொண்ணு இருப்பாளே."

இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லாததை அந்தம்மாகிட்டத்தான் சொன்னேன். பெட்டியைத் திறந்து பாத்துடுங்கன்னு நான் சொன்னேன் தம்பி. அன்னைக்குச் சாயங்காலமே சொன்னேன். கனமா இருக்கே, கடிகாரத்துக்கு இவ்வளவு கனம் ஏதுன்னு கேட்டேன். "விளக்குத் தாங்கி வச்சிருப்பான்"னார். கத்தியை எடுத்துக் கொடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டார். "பாவம், வாய் பேச முடியாத மனுஷன் நம்பிக் கொடுத்திருக்கான். பிரிச்சுப் பாத்தா அசிங்கம். அடுத்தவங்க சாமானைக் குடையறது மரியாதை இல்லை"ன்னார். மரியாதையாம். ஊருக்கெல்லாம் மரியாதை. கட்டினவ சொன்னதுக்கு மட்டும் கிடையாது. மத்தவங்க கடிகாரத்தையெல்லாம் பிரிச்சுப் பாத்தே பொழைச்ச மனுஷனுக்கு ஒரு அட்டைப் பெட்டியைப் பிரிக்கக் கை வரலை. இத்தனை மாசமா உன்னையும் போலீஸையும் பேப்பர்காரனையும் திட்டிக்கிட்டு இருந்தேனே, எனக்கு அவர் மேல வந்த கோவம் அவ்வளவும் அங்கதான் வெளியில வந்துச்சு. "நான் சொன்னேன்மா, இந்த மனுஷன் கேக்கலை"ன்னு நானும் அந்தம்மா மாதிரியே கத்தினேன்.

அந்தம்மா அழுகையை நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. மூக்கைச் சிந்தித் துடைச்சுக்கிட்டாங்க.

"எங்க மாப்பிள்ளையும் அப்படித்தான்"னாங்க. "கிளம்ப வேண்டாம், எம் பொண்ணுக்கு ஜுரம், அடுத்த வாரம் போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். டிக்கெட்டை மாத்தினா அவங்க ஆபீஸ்ல என்ன நினைப்பாங்கன்னு கிளம்பிட்டான், கழுதை."

"இவர் மட்டும் என்ன? எருமை"ன்னேன்.

ரெண்டு பேரும் அந்தக் கல்லு முன்னால நின்னுக்கிட்டு ஆளுக்கு ஆள் திட்டிக்கிட்டே இருந்தோம். அவங்க அவங்க மாப்பிள்ளை பேரைத் தொட்டுக்கிட்டுத் திட்டினாங்க. நான் குனிஞ்சு அடியில இருக்கிற பேரைத் தொட்டுக்கிட்டுத் திட்டினேன். மந்திரி பேசிக்கிட்டிருந்தாராம், எங்களுக்குக் காதுலயே விழலை. பாப்பா வந்து எல்லாரும் பாக்கிறாங்க, போலாம்மான்னு கையைப் பிடிச்சு இழுத்தா. நீ முன்னால போ, இன்னும் கொஞ்சம் திட்டிட்டு வர்றேன்னு சொல்லி அனுப்பினேன்.

அக்கா